கொரியர்களுக்கு மட்டும் 11,172 இடமா?

தமிழ்க் கணினி பற்றி நாலு பேர் கூடிப் பேசினால் ஒரு கட்டத்தில் யாராவது கொரியாவை இழுத்துவிடுவார்கள். "யூனிக்கோடில் கொரிய மொழிக்குப் பதினோராயிரம் இடம் கொடுத்திருக்கிறார்கள். நமக்கு வெறும் நூற்றிருபத்தெட்டு. அதிலும் பாதிக்குப் பக்கம் காலி. கேட்க ஆள் இல்லை, அதுதான் விஷயம்." சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள், ரெண்டு பெருமூச்சு, அப்புறம் டீ. யூனிக்கோடு என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் ஆளுக்கொரு எண் ஒதுக்கும் தரம். அந்த எண்ணைத்தான் 'இடம்' என்கிறோம். கணக்கில் தப்பில்லை. கொரிய அசை எழுத்துகளுக்கு 11,172 இடங்கள் உண்டு. தமிழுக்கு ஒதுக்கிய தொகுதியில் 128 இடங்கள், அதில் 72-இல்தான் எழுத்துகளும் குறிகளும் உட்கார்ந்திருக்கின்றன. ஆனாலும் இந்த ஒப்பீட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ இடறும். 'கொடுத்தார்கள்' என்கிறோமே, கொடுத்தது யார்? எப்போது? எதை வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்? இதைத் தேடிப் படிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் படிக்க வைத்தது ஒரு பெயர்ப் பட்டியல்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியக் கம்பெனிகளை நம்பி ஓடும் நிறுவனங்கள் நிறைய. அப்படி ஒன்றில் கொஞ்ச காலம் தரவு வேலை பார்த்தேன். கொரியாவிலிருந்து வந்த கோப்புகளின் பெயர்களையும் இங்கே இருந்த ஆட்கள் பட்டியலையும் பொருத்த வேண்டும். இரண்டிலும் 'கிம்' என்ற குடும்பப் பெயர் கொரிய எழுத்தில் இருக்கிறது. கண்ணுக்கு ஒரே கிம். தேடினால் மட்டும் கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்த பையன் திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, "சார், ரெண்டும் ஒண்ணுதானே?" என்றான். உள்ளே எட்டிப் பார்த்தால், ஒரு பட்டியலில் கிம் ஒரே எண்ணாக இருந்தது: 44,608. இன்னொன்றில் மூன்று எண்களாக இருந்தது: 4,352, 4,469, 4,535. அதே கோப்புகளை வேறொரு கணினியில் திறந்தபோது ஒரே கட்டத்துக்குள் அடுக்கியிருக்க வேண்டிய எழுத்துகள் க், இ, ம் என்று உதிர்ந்து வரிசையாகக் கிடந்தன. அங்கிருந்து வந்திருந்த கொரியப் பொறியாளர் இதைப் பார்த்துச் சிரித்தார். அவர்கள் ஊரில் இது தினசரித் தொல்லையாம். சில இயங்குதளங்கள் கோப்புப் பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சேமிக்கும், சில சேர்த்தே வைக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினால் பெயர் உதிரியாக வந்து இறங்கும்.

எனக்கு உறைத்தது வேறு. நம் டீக்கடை வாதத்தில் கொரிய மொழிக்கு ஒரே ஒரு பெரிய இடம் கிடைத்ததாகத்தான் எப்போதும் பேசுவோம். இங்கேயோ இரண்டு இடம் இருக்கிறது. தனி எழுத்துகளுக்கு ஒரு சின்னத் தொகுதி, சேர்த்துக் கட்டிய அசைகளுக்கு ஒரு பெரிய தொகுதி. இரண்டும் சமம், ஒன்றை மற்றதாக எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று யூனிக்கோடு விதி எழுதி வைத்திருக்கிறது. விதியை மென்பொருள் மதிக்காத இடத்தில்தான் இரண்டு கிம்கள் பிறக்கிறார்கள். ஏன் இரண்டு வைத்தார்கள் என்று தேட ஆரம்பித்தது, 1987-க்கும் 1996-க்கும் கொண்டுபோய் விட்டது.

பெருக்கல் வாய்ப்பாடு

மன்னர் செஜோங், 1446, ஹங்குல் என்ற கொரிய எழுத்து பிறந்த கதை, இதெல்லாம் கொரிய சீரியல் பார்க்கிற வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். கணினிக்கு வேண்டியது அந்த எழுத்தின் கட்டுமானம் மட்டும். ஒவ்வொரு அசையும் ஒரு சதுரக் கட்டம். உள்ளே முதலில் ஒரு மெய், அடுத்து ஓர் உயிர், வேண்டுமானால் அடியில் ஒரு கடை மெய். இன்றைய வழக்கில் முதல் மெய்யாக வரக்கூடியவை 19, உயிர்கள் 21, கடை மெய்கள் 27. கடை மெய்யே இல்லாமலும் அசை முடியலாம் என்பதால் அந்த வெறுமையையும் ஒன்றாக எண்ணி 28. மூன்றையும் பெருக்கினால் 11,172. யாரும் தாராள மனதோடு அள்ளிக் கொடுத்த எண் கிடையாது அது, பெருக்கலில் வந்த எண்.

இந்த 11,172 அசைகளும் யூனிக்கோடில் 44,032-இல் தொடங்கி 55,203 வரை இடைவெளி இல்லாமல், அகராதி வரிசையில் நிற்கின்றன. முதல் மெய்யின் வரிசை எண்ணை 588-ஆல் பெருக்க வேண்டும், உயிரின் வரிசை எண்ணை 28-ஆல் பெருக்க வேண்டும், இரண்டோடும் கடை மெய்யின் எண்ணைக் கூட்டி 44,032-உடன் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். கிம்மில் முதல் மெய் 0, உயிர் 20, கடை மெய் 16. இருபதை இருபத்தெட்டால் பெருக்கி, பதினாறைக் கூட்டினால் 576. 44,032-உடன் சேர்த்தால் 44,608. அதே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கி வகுத்தால் மூன்று எழுத்துகளும் தாமாக வெளியே வந்துவிடும். அட்டவணை தேவையில்லை. யூனிக்கோடின் மூலத் தரவுக் கோப்பில் பெரும்பாலான எழுத்து முறைகளில் எழுத்துக்கு ஒரு வரி இருக்கும். இந்தப் பதினோராயிரத்துக்கும் சேர்த்து இரண்டே வரி, முதல் எழுத்துக்கு ஒன்று, கடைசி எழுத்துக்கு ஒன்று. நடுவில் இருப்பதைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கை அங்கே நிரல் எழுதுகிறவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பொறாமை வந்தது. கொரிய மொழியில் எழுவாயோடு ஒட்டும் உருபு, அதற்கு முந்தைய சொல் மெய்யில் முடிந்தால் 'இ', உயிரில் முடிந்தால் 'கா'. "இன்னார் உங்களுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்" என்று ஒரு செயலி சொல்ல வேண்டுமென்றால் இன்னார் பெயர் எதில் முடிகிறது என்று தெரிய வேண்டும். கடைசி அசையின் எண்ணில் 44,032-ஐக் கழித்து 28-ஆல் வகுக்கிறார்கள். மீதி பூஜ்யம் என்றால் உயிரில் முடிகிறது. முடிந்தது வேலை. கைபேசியில் ஆள் தேடும்போது முழுப் பெயரும் தட்டாமல் ஒவ்வொரு அசையின் முதல் மெய்யை மட்டும் தட்டினால் பெயர் வந்து நிற்கும் வசதி அங்கே சர்வ சாதாரணம். அதற்கும் 588-ஆல் ஒரு வகுத்தல் போதும். நாம் 'தமிழ்' என்று எழுதினால் கணினிக்கு அது ஐந்து எண். எழுத்து மூன்று என்று அதற்குப் புரியவைக்கத் தனியாக நிரல் எழுத வேண்டும்.

ஆக, இடத்தின் அளவைவிட அந்த இடத்தில் எண் போட்ட விதம்தான் அவர்களுக்குப் பெரிய சொத்து. டீக்கடை வாதத்தில் இந்தப் பகுதி வருவதே இல்லை.

ஜீப்புக்கு எழுத்து இல்லை

இந்த ஒழுங்கு அவர்களுக்கு முதலிலேயே வாய்த்துவிடவில்லை. 1987-இல் தென் கொரிய அரசு கேஎஸ் சி 5601 என்ற தரத்தைத் திருத்தி வெளியிட்டது. அப்போதைய சர்வதேச ஏற்பாட்டின்படி இரண்டு பைட்டில் 94 வரிசை, 94 நிரல், மொத்தம் 8,836 கட்டங்கள். அதற்குள் ஹங்குல், சீன வழி வந்த ஹன்ஜா, குறியீடுகள் எல்லாம் அடங்க வேண்டும். ஹன்ஜாவுக்கு 4,888 கட்டம், குறியீடுகளுக்கு 986. தங்கள் சொந்த எழுத்தான ஹங்குலுக்கு 2,350. அதாவது 11,172 அசைகளில் அதிகம் புழங்குபவை எவை என்று பொறுக்கி எடுத்து அவற்றுக்கு மட்டும் இடம். மிச்சம் 8,822 அசைகளுக்குக் கணினியில் இருப்பே இல்லை. இந்த முறைக்கு வான்சங் என்று பெயர். அச்சகத்தில் கோப்பவர் பெட்டியில் அடிக்கடி தேவைப்படும் அச்சுகளை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வது மாதிரிதான். என்ன, தேவைப்பட்டால் இன்னொரு அச்சு வார்த்துக்கொள்ள இங்கே வழி கிடையாது.

இதில் என்னை அதிகம் கடுப்பேற்றியது ஹன்ஜா கணக்கு. அந்த 4,888-இல் 268 கட்டங்கள் இரட்டிப்பு. ஒரே சீன எழுத்துக்குக் கொரிய மொழியில் இரண்டு மூன்று உச்சரிப்பு இருந்தால், உச்சரிப்புக்கு ஒன்றாக அதே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். இசையைக் குறிக்கும் ஓர் எழுத்து நாலு இடத்தில் இருக்கிறது. சொந்த எழுத்தில் முக்கால்வாசிக்கு மேல் வெளியே நிற்க, ஒரே சீன எழுத்து நாலு நாற்காலியில். கொரியர்கள் ஒற்றுமையாகப் போய்க் கேட்டு வாங்கினார்கள் என்று நம்மூரில் சொல்லும்போது, இந்த அட்டவணையைப் போட்டதும் கொரியர்கள்தான் என்பதை யாரும் சொல்வதில்லை.

"புழக்கத்தில் இல்லாத அசை போனால் என்ன?" என்று கேட்கலாம். அப்படித்தான் கேட்டிருப்பார்கள். 1990-இல் எம்பிசி தொலைக்காட்சியில் 'தோம்பாங் கக்ஹா' என்றொரு தொடர் வந்தது. தலைப்பின் முதல் அசையே 2,350-க்குள் இல்லை. நாடு முழுக்கப் பார்த்த ஒரு தொடரின் பெயரை அரசுத் தரக் கணினியில் தட்ட முடியவில்லை. ஜீப்பை அந்தக் காலத்தில் பரவலாக எழுதிய விதத்தில் எழுதவும் முடியாது. பிறகு கொரிய நிரலர்கள் மென்பொருளைச் சோதிக்க ஒரு வேடிக்கை வாக்கியமே உருவாக்கி வைத்தார்கள்: ஜீப்பில் வந்த பெப்சி மனிதனையும் இந்தத் தொடர் நாயகனையும் ஒரே வரியில் கோத்து. அதில் நாலு அசைகள் 2,350-க்கு வெளியே. அந்த வரி ஒழுங்காகத் தெரிந்தால் மென்பொருள் தேறிவிட்டது என்று அர்த்தம். நமக்கு இது புரியாமல் இருக்க நியாயமில்லை. 'ஙௌ' என்ற எழுத்தை யாரும் எந்தச் சொல்லிலும் எழுதுவதில்லை. அதற்காக 247-இலிருந்து அதை நீக்கிவிட்டு, புழக்கத்தில் உள்ளவை இவ்வளவுதான் என்று ஓர் அரசாணை வந்தால் சும்மா இருப்போமா? புதுச் சொல்லும் புதுப் பெயரும் நாளைக்கு எந்த எழுத்தில் வரும் என்று இன்றைக்குத் தெரியாது.

அரசுத் தரத்துக்கு எதிர்க்கட்சியாக இருந்த முறையின் பெயர் ஜோஹாப். பதினாறு பிட்டில் முதலாவதை அடையாளத்துக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சம் பதினைந்தை ஐந்து ஐந்தாகப் பிரித்து, முதல் மெய்க்கு ஐந்து, உயிருக்கு ஐந்து, கடை மெய்க்கு ஐந்து. ஐந்து பிட்டில் 32 வாய்ப்பு, 28-க்குத் தாராளம். 11,172-உம் அதில் அடங்கும். எழுத்தின் கட்டுமானமும் அப்படியே எண்ணில் தெரியும். 1989-இல் வந்து நாட்டையே பிடித்துக்கொண்ட 'அரே-ஆ ஹங்குல்' என்ற சொற்செயலி ஜோஹாப் வழியில்தான் இயங்கியது. அரசு அலுவலகங்களில் ஒரு முறை, வீட்டுக் கணினிகளில் இன்னொரு முறை. இந்தச் சண்டைக்கு ஒரு பாட்டனாரும் உண்டு. கோங் பியோங்-உ என்ற கண் மருத்துவர் 1949-இல் ஒரு தட்டச்சுப் பொறி செய்தார். முதல் மெய்க்கு ஒரு தொகுதி விசை, உயிருக்கு ஒன்று, கடை மெய்க்குத் தனியாக ஒன்று. அரசு தரமாக எடுத்துக்கொண்டதோ மெய்க்கும் உயிருக்குமாக இரண்டே தொகுதி கொண்ட விசைப்பலகை. அதில் தட்டும்போது ஒரு மெய் முதலில் கடை மெய்யாக அடியில் போய் ஒட்டும். அடுத்து உயிரைத் தட்டினால் அங்கிருந்து துள்ளி அடுத்த கட்டத்துக்குத் தாவும். இதற்குக் கொரியர்கள் வைத்த பெயர் 'கொள்ளிவாய்ப் பிசாசு' என்ற மாதிரி ஒரு பெயர். திரையில் பார்த்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1991-இல் 1,930 அசைகளைக் கூடுதல் தரமாகச் சேர்த்தார்கள். 1992-இல் ஜோஹாப்பையும் தரத்தின் பின்னிணைப்பில் ஏற்றார்கள். 1995-இல் விண்டோஸ் 95-உடன் மைக்ரோசாஃப்ட் விடுபட்ட 8,822-ஐயும் காலி இடங்களில் செருகியது. எல்லா அசையும் வந்துவிட்டன, ஆனால் வரிசை போயிற்று. பழைய 2,350 ஓர் இடத்தில், மிச்சம் வேறெங்கோ. எண் வரிசைப்படி அடுக்கினால் அகராதி வரிசை வராது. வகுத்தல் கணக்கும் செல்லாது.

இடம் மாறிய ஆண்டு

யூனிக்கோடு இந்தச் சண்டையின் நடுவில்தான் வந்தது. 1991-இல் முதல் பதிப்பு அரசுத் தரத்தின் 2,350-ஐ அப்படியே எடுத்துக்கொண்டது. 1993-இல் வந்த 1.1 பதிப்பில் அது 6,656 ஆனது. ஆனால் எப்படி? 2,350 ஒரு மூட்டை, அதன் பின்னால் 1,930 ஒரு மூட்டை, அதன் பின்னால் 2,376 ஒரு மூட்டை. ஒவ்வொன்றுக்குள்ளும் வரிசை உண்டு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இல்லை. அத்தனைக்குப் பிறகும் நாலாயிரத்து ஐநூற்றுச் சொச்சம் அசைகள் வெளியே. உள்ளூரில் பட்ட பாடு மொத்தமும் உலகத் தரத்திலும் மறுபடி.

கொரியா கேட்டது துணிச்சலான ஒன்று. ஒட்டுப்போட்டு இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டாம். இருப்பதை மொத்தமாக எடுத்துவிட்டு, 11,172-ஐயும் அகராதி வரிசையில் ஒரே துண்டாகப் புதிய இடத்தில் வையுங்கள். பழைய இடம் 13,312-இலிருந்து 19,967 வரை. அதில் இத்தனை பேர் கொள்ளாது. அந்த நாளில் யூனிக்கோடின் மொத்த இடமே 65,536 என்பதுதான் எல்லார் மனதிலும் இருந்த கணக்கு. அதில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஒரே எழுத்து முறைக்குப் போகும். அதைவிடப் பெரிய சிக்கல், அதுவரை யாராவது யூனிக்கோடில் கொரிய மொழியில் சேமித்த எதுவும் இனி செல்லாது.

கேட்டது கிடைத்தது. யூனிக்கோடுக்கு இணையான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 10646-இன் ஐந்தாவது திருத்தமாக அது நிறைவேறியது. யூனிக்கோடு 1996 ஜூலையில் 2.0 பதிப்பில் அதையே செய்தது. எழுத்துகளை எடுத்து, 44,032-இல் கொண்டுபோய் வைத்தார்கள். 65,536-க்கு அப்பாலும் போக வழி செய்த பதிப்பும் அதுவேதான். காலியான பழைய இடத்தில் 1999-இல் அபூர்வமான சீன எழுத்துகள் குடியேறின. ஆகவே 1.1 காலத்துக் கொரியக் கோப்பு ஒன்று இன்று எங்காவது கிடைத்துத் திறந்தால், சீன அறிஞர்களே யோசிக்கக்கூடிய எழுத்துகளாகத் தெரியும்.

எப்படிச் சம்மதித்தார்கள் என்பதற்கு, யூனிக்கோடு எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-க்கு 1998-இல் வெளிவந்த வரையறை ஆவணத்தில் நேரடியான பதில் இருக்கிறது. அப்போது பெரிய மென்பொருள் எதுவும் இதைப் பயன்படுத்தவில்லை, கொரிய எழுத்தில் சொல்லிக்கொள்ளும்படி தரவும் சேர்ந்திருக்கவில்லை, ஆகவே மாற்றலாம் என்று முடிவெடுத்தார்கள். கூடவே அந்த ஆவணம் இன்னொன்றும் சொல்கிறது: இந்த நிகழ்வுக்குக் 'கொரியக் குழப்பம்' என்று பெயர் விழுந்துவிட்டது, இப்படிப்பட்ட மாற்றத்தை இனி ஒருபோதும், ஒருபோதுமே செய்வதில்லை என்று சம்பந்தப்பட்ட குழுக்கள் வாக்குக் கொடுத்திருக்கின்றன. தொழில்நுட்ப ஆவணங்கள் பொதுவாக இந்தத் தொனியில் பேசாது. சூடு பட்டவர்கள் எழுதியது என்று வாசிக்கும்போதே தெரிகிறது.

இந்த வரியில்தான் நான் ரொம்ப நேரம் நின்றேன். யூனிக்கோடின் நிலைப்பு விதிகளில் முதலாவது, ஒருமுறை எண் கொடுத்த எழுத்தை நகர்த்தவோ நீக்கவோ மாட்டோம் என்பது. அது எந்தப் பதிப்பிலிருந்து செல்லும் என்று பார்த்தால் 2.0. கொரிய எழுத்துகள் வந்து சேர்ந்த அதே பதிப்பு. அவர்கள் உள்ளே வந்ததும் கதவைப் பூட்டிவிட்டார்கள். பூட்டியதற்குக் காரணமும் அவர்கள் வந்த விதம்தான்.

பிறகு போய்த் தட்டிய நாம்

தமிழின் 128 இடமும் ஒரு பழைய தரத்திலிருந்து வந்ததுதான். இந்திய அரசின் 1988-ஆம் ஆண்டு இஸ்கி என்ற குறியேற்ற ஏற்பாட்டை ஒட்டி, எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே சட்டகம் போட்டு, தமிழில் இல்லாத ஒலிகளின் இடங்களைக் காலியாக விட்டார்கள். அந்தப் 'பாதி காலி'க்கு இதுதான் விளக்கம். தமிழுக்கென்று குறியேற்றம் பற்றிப் பெரிய அளவில் பேச்சு எழுந்து, சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு கூடி, டாம், டாப் என்று தரங்கள் அறிவித்தது 1999-இல். எல்லா உயிர்மெய்க்கும் தனி எண் கொடுக்கும் டேஸ்-16-ஐ யூனிக்கோடோடு சேர்த்துத் தமிழக அரசு தரமாக ஏற்றது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டின்போது. டேஸ்-16 செய்தவர்கள் வெறும் இடம் கேட்டவர்கள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எண்ணைக் கணக்குப் போட்டு மெய்யையும் உயிரையும் பிரிக்கலாம் என்ற கொரிய வழியின் அழகு அவர்களுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. ஆனால் பூட்டு விழுந்து பதினான்கு வருடம் ஆகியிருந்தது. அதற்குள் இன்னொரு பூட்டும் விழுந்திருந்தது: 2001-க்குப் பிறகு, ஏற்கெனவே பிரித்து எழுதக்கூடிய ஒன்றுக்குச் சேர்த்த வடிவில் புது எண் கொடுத்தாலும், சமமான வடிவங்களை ஒரே வடிவமாக ஒழுங்குபடுத்தும்போது அது திரும்பப் பிரிந்தே போகும்.

அதனால் அந்த டீக்கடை வாக்கியத்தை முழுசாகத் தள்ளிவிடவும் எனக்கு மனசில்லை. நாம் விலை கொடுத்திருக்கிறோம். கொரிய எழுத்து திரையில் தெரிய எண்ணுக்கு ஒரு படம் இருந்தால் போதும். தமிழில் கொம்பை எடுத்து முன்னால் வைக்க, காலைப் பின்னால் வைக்க ஒரு தனி இயந்திரமே வேண்டும். அது இல்லாத ஆரம்பகால கைபேசிகளில் நம் எழுத்து எப்படிக் கலைந்து தெரிந்தது என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆனால் காரணத்தை 'கொரியாவுக்குக் கொடுத்தார்கள், நமக்கு மறுத்தார்கள்' என்று சொன்னால் கதை சரியாக இல்லை. அவர்கள் வாக்களிக்கும் நாடாகத் தரக் குழுவின் மேசையில் இருந்தார்கள், உள்ளூரில் பத்து வருடம் அடித்துக்கொண்டு தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெளிந்திருந்தார்கள், சேமித்த தரவு குறைவாக இருந்த கடைசி நேரத்தில் கேட்டார்கள். மூன்றில் எது இல்லாவிட்டாலும் அந்த 6,656-இலேயே இன்றும் இருந்திருப்பார்கள்.

சொந்தப் பெயரை எழுத முடியாத மென்பொருள்

இன்னொரு சங்கதி இருக்கிறது, இது எனக்குப் பிடித்தமானது. அந்தச் சொற்செயலியின் பெயரில் வரும் 'அரே-ஆ' என்பது ஓர் உயிரெழுத்து. ஒரு புள்ளி, அவ்வளவுதான். செஜோங் காலத்து எழுத்து, இன்றைய தரக் கொரிய மொழியில் இல்லை. மென்பொருளின் சின்னத்தில் 'ஹன்' என்ற அசையை அந்தப் பழைய புள்ளியோடுதான் எழுதுவார்கள். அந்த அசை 11,172-க்குள் கிடையாது. அது இன்றைய எழுத்துகளின் பெருக்கல்தானே. கொரியாவில் எல்லாரும் பயன்படுத்திய மென்பொருளின் பெயரை எழுத வேண்டுமென்றால் அந்தப் பெரிய தொகுதி உதவாது. மூன்று தனி எழுத்துகளை வரிசையாகப் போட்டு, சேர்த்துக் காட்டும் வேலையை எழுத்துருவிடம் விட வேண்டும். அதாவது, தமிழ் வேலை செய்கிற அதே வழியில்.

ஹங்குலை அறிமுகப்படுத்திய 1446-ஆம் ஆண்டு நூலின் மூல வடிவத்தைக் கணினியில் ஏற்றுபவர்களுக்கும், இந்தப் புள்ளி உயிர் இன்னும் உயிரோடு இருக்கும் ஜேஜு தீவின் பேச்சை எழுதுபவர்களுக்கும் இதே கதிதான். ரொம்ப காலம் அவர்கள் யூனிக்கோடின் தனியார் பயன்பாட்டுப் பகுதியில் ஆயிரக்கணக்கான பழைய அசைகளைத் தாங்களாக எண் போட்டு வைத்துக்கொண்டார்கள். 2009-இல் வந்த 5.2 பதிப்பில் பழைய எழுத்துகள் 117 சேர்ந்தன. இந்த முறை அசைகளாகக் கேட்கவில்லை, உதிரி எழுத்துகளாகக் கேட்டார்கள். கேட்டிருந்தாலும் நடந்திருக்காது. முதல் மெய் 124, உயிர் 94, கடை மெய் 137, வெறுமையையும் சேர்த்து 138. பெருக்கினால் 16,08,528. யூனிக்கோடின் மொத்த இடமே 11,14,112-தான்.

இதையெல்லாம் நண்பர் ஒருவரிடம் விலாவாரியாகச் சொன்னேன். அந்த 128 வாக்கியத்தை என்னிடம் அதிக முறை சொன்னவர் அவர்தான். பொறுமையாகக் கேட்டார். "அது செத்துப்போன எழுத்துப்பா. இன்னைக்கு எழுதுறவனுக்கு இடம் இருக்கில்ல? இடம் இருந்தா மத்ததெல்லாம் தானா வரும்" என்றார். எழுத்துரு வரைபவர்களைக் கேட்டால் தானாக வரவில்லை என்பார்கள் என்றேன். பதினோராயிரம் கட்டங்களுக்கு அழகாக வடிவம் செய்வது வருடக்கணக்கில் இழுக்கும் வேலை. அதனால் இன்றும் கொரியாவில் பல எழுத்துருக்கள் பழைய 2,350 பட்டியலோடு நிறுத்திக்கொள்கின்றன. அப்படியொரு எழுத்துருவில் அந்தத் தொலைக்காட்சித் தொடரின் பெயரைத் தட்டினால் முதல் அசை மட்டும் வேறு எழுத்துருவில் வந்து துருத்திக்கொண்டு நிற்கும். 1987-இல் போட்ட பட்டியலை 1996-இல் யூனிக்கோடிலிருந்து துரத்தினார்கள், அது வரைபவர்களின் மேசையில் உட்கார்ந்துகொண்டது. தமிழிலோ தனி ஆளாக உட்கார்ந்து சில மாதங்களில் ஒரு முழு எழுத்துரு செய்துவிடுகிறார்கள், ஏனென்றால் வரைய வேண்டிய வடிவங்கள் சில நூறுதான். இந்த விலைக்கும் அந்த மாதிரி இடம் வேண்டுமா என்று கேட்டேன்.

"வேணும்" என்றார், யோசிக்காமல்.